மடியில் ஏறாத பூனைக்கும் வீடு வேண்டும்

"குட்டி இருக்கோ? வெள்ளை எண்டால் நல்லம். கடுவன் எண்டால் மட்டும் தாங்கோ. தூக்கினால் பேசாமல் இருக்கோணும்."

பூனைகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். வருகிற அழைப்புகளில் பாதி இப்படித்தான் இருக்கும். கலியாணத் தரகரிடம் கொடுக்கிற பட்டியலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சந்தைக்குப் பின்னாலும் கோயில் வாசலிலும் உரப்பையில் கட்டி எறியப்பட்ட குட்டிகளைத் தூக்கி வந்து, மருந்து கொடுத்து, விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, நிரந்தர வீடு கிடைக்கும்வரை தங்களோடு வைத்திருப்பவர்கள்தான் ஃபொஸ்டர்காரர். அதில் எங்கட வயதுக்காரரும் நிறையப் பேர். வாடகை அறை, சொந்தக் காசு. குட்டிகள் எல்லாம் போன பிறகு அவர்களிடம் மிஞ்சுவது எட்டு, பத்து மாதப் பூனை. தன்பாட்டில் சாப்பிடும், தன்பாட்டில் யன்னலில் இருக்கும், தூக்கினால் நழுவி இறங்கும். பார்க்க வந்தவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "இது பாசமில்லாத பூனை."

எங்கட சண்டை இந்தத் தீர்ப்போடுதான்.

ஒரு பூனை மனிதக் கைக்கு இலகுவாகப் பழகுகிற காலம், பிறந்து சுமார் 2 தொடக்கம் 7 கிழமை வரைதான். அந்தக் கிழமைகளைத் தெருவில் கழித்த பூனைக்கு, ஆட்களிடமிருந்து விலகி நிற்பதுதான் உயிரைக் காப்பாற்றிய பாடம். அதைக் குணக்கேடு எண்டு சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கு? அதோடு, அது பாசத்தைக் காட்டாமலும் இல்லை. வாலை நிமிர்த்திக்கொண்டு வருவதும், எங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பதும், நாங்கள் இருக்கிற அறையிலேயே வந்து படுப்பதும் பூனையின் பாஷை. நாய் மாதிரிக் காட்டவில்லை எண்டதுக்காக அதை "நன்றி கெட்டது" எண்டு சொல்லிப் பழகிவிட்டோம்.

"பெட்டை எண்டால் குட்டி போடும்" என்ற சாட்டும் உண்டு. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம், சுமார் 9 கிழமையில் குட்டி ஈனும். உண்மைதான். ஆனால், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பெட்டை எப்படிக் குட்டி போடும்? அதைச் செய்யாமல் ஊர் சுற்ற விட்ட கடுவன்களுக்கு இந்தக் கணக்கில் பங்கே இல்லையோ? உரப்பைக்குள் போவது மட்டும் பெட்டைக் குட்டிகள்.

உண்மையைச் சொன்னால், வேலைக்கும் வகுப்புக்கும் ஓடுகிற எங்களுக்குத் தோதானது இந்த வளர்ந்த பூனைதான். சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் சாப்பாடு வேணும், தனிய விட்டால் கத்தும், திரைச்சீலையில் ஏறும். அது வளர்ந்து எப்படி வரும் எண்டும் தெரியாது. பத்து மாதப் பூனையின் குணம் ஓரளவுக்குத் தெரிந்துவிட்டது. நாயோடு ஒத்துப் போகுமா, சின்னப் பிள்ளைகளுக்குப் பயமா எண்டு வளர்த்தவரே சொல்லுவார்.

பொறுமை வேணும். முதல் கிழமை ஒரே அறையில் விடுங்கள். ஒளிய ஒரு பெட்டி, தண்ணி, சாப்பாடு, தள்ளி ஒரு மண்தட்டு போதும். கட்டிலுக்குக் கீழே போனால் இழுத்து எடுக்காதேங்கோ. பழக மாதங்களும் எடுக்கலாம். மூன்று நாளில் "சரிவராது" எண்டு திருப்பிக் கொண்டுபோய் விடுபவர்கள் தயவுசெய்து எடுக்கவே வேண்டாம்.

ஏனெண்டால் ஃபொஸ்டர் அறைகளில் இடம் குறைவு. இந்தப் பூனை போனால்தான் உரப்பையில் கிடக்கிற அடுத்ததைத் தூக்கி வரலாம். போகாவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

அடுத்த முறை பூனை பார்க்கப் போனால், காலைச் சுற்றுகிற குட்டியைக் கொஞ்சிவிட்டு, அலுமாரிக்கு மேலே இருந்து பார்க்கிற அந்தப் பெட்டையைப் பற்றியும் கேளுங்கள். என்ன வயது, என்ன சாப்பிடும், எதுக்குப் பயம்?