பெண் பிள்ளையின் பொழுதுபோக்கு

பங்குனியில் திருமழபாடி நந்தி கல்யாணம் கண்டால் விரைவில் விவாகம் கூடும் என்பது ஐதிகம். அங்கே மகளை அழைத்து வந்திருந்த அம்மாள் ஒருவர் குறைபட்டுக்கொண்டார்: “ஸார், சர்வகலாசாலை மாணவிக்குக் கூடைப்பந்தும் நடனமும் வீடியோ விளையாட்டுமா? யார் கட்டிக்கொள்வார்கள்?”

“அம்மா, கூடைப்பந்தை 1891-ல் மாணவர்களுக்காக வகுத்தவர் நெயிஸ்மித் என்னும் உபாத்தியாயர்தான். சென்னை அனிதா பால்துரை, தாயான பின்னும் இந்தியாவுக்காக அதை ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். நடனமோ? மார்க்கண்டேயருக்காக ஈசன் மழுவேந்தி ஆடியதாகத் தல புராணம் கூறும் ஊரிலன்றோ நிற்கிறோம்!” என்றேன்.

அம்மாள் விடவில்லை. “இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் விளையாடுகிறாளே, அதற்கு என்ன புராணம்?”

பெண் என் முகத்தை ஆவலோடு பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.