மூக்கை நம்பி யாரையும் வேலைக்கு இறக்கக் கூடாது
வாயுச் சேமிப்பு நிலையங்களில் டிடெக்டர் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

தொழிற்சாலை வாயுக்களைச் சேமிக்கும், நிரப்பும், டேங்கரிலிருந்து இறக்கும் எந்த இடத்திலும் வாயு டிடெக்டர் இல்லாமல் ஒருவரையும் வேலைக்கு இறக்கக் கூடாது. நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, டேங்கர் ஓட்டுநர், ஒரு நாள் வேலைக்கு வந்த வெல்டர் என்ற பாகுபாடு இதில் கூடாது. டிடெக்டர் ஒலித்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வெளியேறும் உரிமை அவர்கள் அனைவருக்கும் வேண்டும். கருவி இருந்து உரிமை இல்லையென்றால் அது அலங்காரம். உரிமை இருந்து கருவி இல்லையென்றால் ஆபத்து வந்தது தெரிவதற்குள் ஆள் விழுந்துவிடுவார்.

இதை ஏன் வலியுறுத்துகிறோம்

1984 டிசம்பரில் நச்சுவாயு போபாலைச் சூழ்வதற்கு முன்பே, அதைக் கசியவிட்ட ஆலையில் கண் எரிச்சலை வைத்துத்தான் கசிவைக் கண்டுபிடித்துவந்தார்கள். அங்கு கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்குப் பணியிடத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு 0.02 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கண்ணில் நீர் வடிய ஏறத்தாழ 2 பிபிஎம் வேண்டும், அதாவது வரம்பைப் போல 100 மடங்கு. அந்த அளவிலும் வாசனை தெரியாது. தொழிலாளியின் கண்ணையே கருவியாக வைத்திருந்த ஆலை அது.

மற்ற வாயுக்களிலும் புலன்கள் இப்படித்தான் ஏமாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, சுமார் 100 பிபிஎம்மில் மூக்கை மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் உயிராபத்து தொடங்குகிறது. நைட்ரஜன், ஆர்கான் இரண்டுக்கும் நிறமோ மணமோ இல்லை. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் கசிந்தால் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மூச்சு முட்டும் உணர்வே இல்லாமல் மனிதர் மயங்கி விழுவார்.

2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ன்ஸ்வில் நகரக் கோழி இறைச்சி ஆலை ஒன்றில் திரவ நைட்ரஜன் கசிந்து 6 பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் இருவர். மற்ற நால்வரும் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் உதவவும் போனவர்கள். காற்றில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டு எச்சரிக்கும் கருவி அங்கு இல்லை என்பதை அந்நாட்டின் வேதி விபத்து விசாரணை வாரியம் பதிவு செய்திருக்கிறது.

நம் ஊரிலும் எச்சரிக்கைகள் வந்துவிட்டன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறலோடு ஓடினார்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே எங்கள் நிலைப்பாடு பெரிய டேங்க் வளாகங்களோடு நிற்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் ஆலை, சிலிண்டர் நிரப்பும் நிலையம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நாங்கள் கோருவது

1. வாயுவுக்கு ஏற்ற கருவி, ஏற்ற உயரத்தில். எல்பிஜியும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை. அவற்றுக்கான டிடெக்டர் தரையருகே இருக்க வேண்டும். அம்மோனியா வாயு இலேசானது, கட்டடத்துக்குள் அதற்கு மேற்கூரைப் பக்கம் வேண்டும். ஆனால் குளிர்ந்த அம்மோனியா பீறிட்டால் வெண்புகையாகத் தரையோடு தவழும் என்பதால் பம்பு, வால்வு அருகே கீழேயும் வேண்டும். எரிவாயு என்றால் வெடிக்கும் குறைந்தபட்ச அளவை எட்டுவதற்கு வெகு முன்பே, அதன் 10 அல்லது 20 சதவீதத்திலேயே அலாரம் ஒலிக்க வேண்டும்.

2. ஒவ்வொருவரின் சட்டையிலும் ஒரு கருவி. வழக்கமாக வாங்கித் தரப்படும் நான்கு வாயு மீட்டர் எரிவாயு, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை அளக்கும். அம்மோனியாக் கிடங்கில் அது போதாது. அம்மோனியா தீப்பற்றக் காற்றில் 15 சதவீதம் சேர வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கில் எரிவாயு சென்சாரின் அலாரம் ஒலிக்கும் என்றாலும் அது 15,000 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவோ 300 பிபிஎம்தான். அம்மோனியாவுக்கும் குளோரினுக்கும் தனி சென்சார் கட்டாயம்.

3. நாள்தோறும் சோதனை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் சோதனை வாயுவைக் காட்டி, கருவி ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிவாயு சென்சார் சிலிக்கோன் பட்டால் செயலிழக்கலாம். திரையில் பூஜ்யம் தெரியும், உண்மையில் கருவி செத்திருக்கும். நச்சுவாயு சென்சார்களுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. காலிபரேஷன் தேதியும் சென்சார் காலாவதியும் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும்.

4. டேங்குக்குள் இறங்கும் முன் வெளியிலிருந்தே மேல், நடு, அடி மூன்று மட்டங்களிலும் காற்றை அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பர்மிட் தரக் கூடாது. வேலை முடியும்வரை அளவெடுப்பு நிற்கக் கூடாது. விழுந்தவரை மீட்க, தனிக் காற்று சிலிண்டர் கொண்ட மூச்சுக்கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது.

5. அலாரம் ஊருக்கும் கேட்க வேண்டும். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது, ஆலையில் சைரன் வசதி இருந்தும் ஒலிக்கவில்லை என்று ஆந்திர மாநில அரசின் உயர்மட்டக் குழு கண்டறிந்தது. டிடெக்டர் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் சைரன் தானாக ஒலிக்க வேண்டும், வால்வு தானாக மூட வேண்டும்.

வழக்கமான மறுப்புகளுக்கு எங்கள் பதில்

பொய் அலாரம் அடிக்கடி வருகிறது, வேலை கெடுகிறது என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. பொய் அலாரத்துக்குப் பெரும்பாலும் காரணம் தவறான இடத்தில் பொருத்துவதும் பராமரிக்காமல் விடுவதுமே. அதற்குத் தீர்வு கருவியைச் சரிசெய்வது, அதன் வாயை அடைப்பது தீர்வாகாது. அலாரத்தை நிறுத்தியவர் யார், எதற்காக, எவ்வளவு நேரம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதி அதைப் பார்க்க முடிய வேண்டும்.

செலவு அதிகம் என்ற வாதத்தையும் ஏற்க முடியாது. வாயுவைச் சேமித்து விற்கும் தொழிலில் டிடெக்டர் என்பது டேங்கும் வால்வும் போல அடிப்படைச் செலவு. அதைக் காண்ட்ராக்டர் தலையில் கட்டுவதும் கூடாது. தளத்தின் உரிமையாளரே கருவி தர வேண்டும்.

டிடெக்டர் வைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்ற எண்ணத்தையும் எதிர்க்கிறோம். டிடெக்டர் கசிவைத் தடுக்காது, அறிவிக்க மட்டுமே செய்யும். துருப்பிடித்த குழாயை மாற்றுவதும், தேவைக்கு மேல் வாயுவைத் தேக்காமல் இருப்பதும், கசியும் வாயுவைக் கழுவி நீக்கும் ஸ்க்ரப்பரை எப்போதும் இயங்கும் நிலையில் வைப்பதும் அதற்கு முன் செய்ய வேண்டியவை.

சட்டம் வெறுமையாக இல்லை. போபாலுக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு வந்தது. 2020-ன் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாடு அரசு இதற்கான விதிகளில் டிடெக்டரையும் வெளியேறும் உரிமையையும் தெளிவாக எழுத வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் ஆய்வுக்குப் போகும்போது பதிவேட்டோடு திருப்தியடையாமல், சோதனை வாயுவைக் காட்டிக் கருவியை ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவி கையில் தரப்படாத இடத்தில் வேலை தொடங்காதீர்கள், கேட்டு வாங்குங்கள். ஒலித்தால் வெளியேறுங்கள். சக தொழிலாளி விழுந்துகிடந்தாலும் மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே ஓடாதீர்கள். அலாரம் கேட்டு வெளியே வந்ததற்காக உங்களில் எவரையாவது தண்டித்தால், அவருக்காக நிற்பது எங்கள் பொறுப்பு.