பதவியை விட்டு இறங்கியவர்



அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வாஷிங்டன் தலைமையகத்துக்கு மேரி ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரைச் சூட்டுவதாக 2020இல் அறிவித்தார்கள். அவர் இறந்தது 2005இல். கௌரவம் பிந்தித்தான் வந்தது, ஆனாலும் வரவேற்கிறோம்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் நகரில் 1921இல் பிறந்தவர். முதலில் கணித ஆசிரியை. (எங்கள் தொழில்காரி என்பதில் எமக்குக் கொஞ்சம் பெருமைதான்.) 1951இல் லாங்லி ஆய்வுகூடத்தில், கறுப்பினப் பெண்களுக்கென்று தனியே ஒதுக்கியிருந்த கணக்கிடும் பிரிவில் சேர்ந்தார். பொறியியலாளராக மேலும் படிக்க வேண்டும். வகுப்பு நடந்ததோ வெள்ளையருக்கு மட்டுமான பாடசாலையில். அந்த வாசற்படியைத் தாண்ட நகர நிர்வாகத்திடம் விசேட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டார், வாங்கினார், படித்தார். 1958இல் நாசாவின் முதலாவது கறுப்பினப் பெண் பொறியியலாளரானார்.

பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எமக்குப் பெரிதாகப் படுவது 1979. பல வருடம் உழைத்தும் அதற்கு மேலே போக வழி கிடைக்கவில்லை. அந்த வருடம் பொறியியலாளர் பதவியை விட்டு, தரம் குறைந்த ஒரு பதவிக்குத் தாமாகவே இறங்கினார். பெண்களை வேலைக்கு எடுப்பதையும் அவர்களின் பதவி உயர்வையும் கவனிக்கிற பொறுப்பு அது. ஒரு படி ஏறியதும் கீழே நிற்பவர்களை மறந்துபோகிறவர்களை நாம் தோட்டத்திலும் பார்க்கிறோம், சங்கங்களிலும் பார்க்கிறோம், எங்களுடையது உட்பட. இவர் சம்பளத்தரத்தை இழந்து இறங்கி வந்து, 1985இல் ஓய்வு பெறும்வரை மற்றப் பெண்களுக்காக உழைத்தார்.