நாப்கின் நிறுவனம் நடத்தும் உடல்நலப் பாடம்

இந்தியப் பள்ளி மாணவியர் பலருக்கு மாதவிடாய் பற்றிய முதல் வகுப்பை எடுப்பவர் அவர்களுடைய ஆசிரியர் அல்லர். நாப்கின் நிறுவனம் அனுப்பிய பயிற்றுநர். சிறுவர்கள் வெளியே அனுப்பப்படுகிறார்கள், படக்காட்சி நடக்கிறது, முடிவில் ஆளுக்கொரு மாதிரிப் பொட்டலம் கிடைக்கிறது. கட்டணம் இல்லாததால் நிர்வாகமும் கேள்வி கேட்பதில்லை.

அங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் பொய்யல்ல. விடுபடுபவையே சிக்கல். துவைத்துப் பயன்படுத்தும் துணியை வெயிலில் உலர்த்த வேண்டும் என்பதையும், மாதவிடாய்க் குப்பி என ஒன்று உண்டு என்பதையும், எத்தகைய வலிக்கு மருத்துவரை நாட வேண்டும் என்பதையும், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் கேட்பது உரிமை என்பதையும் சொல்வதால் விற்பனையாளருக்கு ஆதாயமில்லை. உடலின் இயல்பான நிகழ்வு ஒன்று 'கறை' என்னும் அச்சமாகச் சுருங்குகிறது. அச்சத்திற்கு மருந்தாக ஒரு பொருள் நீட்டப்படுகிறது.

இந்த இடம் எவ்வாறு காலியானது? 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் அது பண்பாட்டிற்கு ஒவ்வாதது என எதிர்ப்பு எழ, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்தின. அரசு எழுதிய பாடத்தைச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம்; திருத்தலாம். நிறுவனம் எழுதிய பாடத்திற்கு அத்தகைய பொது விவாதம் நேர்வதில்லை. கூச்சத்தால் ஆசிரியர் விட்ட இடத்தை வணிகம் நிரப்பிக்கொண்டது.

சட்டம் இதை அறியாததன்று. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெருநிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடக் கோருகிறது. தன் பொருளுக்குச் சந்தை ஆதாயம் தேடித் தரும் நல்கைகள் அந்தக் கணக்கில் சேரா என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. ஆயினும் அந்த நல்கை கல்வியா விளம்பரமா என்று வகுப்பறையில் அமர்ந்து பார்ப்பவர் யார்?

வெளியாரை முற்றிலும் விலக்குவது தீர்வன்று. பள்ளிகளால் எட்ட முடியாத அறிவைத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்ததுண்டு. ஆனால் நுழைவுக்கு நிபந்தனை வேண்டும். பாடப்பொருள் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே காட்டப்பட வேண்டும். வணிகப் பெயரும் மாதிரிப் பொட்டலமும் கூடா. சிறுவர்களும் கற்க வேண்டும். வகுப்பாசிரியர் உடனிருக்க வேண்டும். ஏனெனில் மறுவாரம் எழும் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்தாம் அங்கே இருப்பார்.

2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரு ஆசிரியர்களை இப்பணிக்கென நியமிக்கச் சொல்கிறது. அவர்களுக்குப் பயிற்சியும் கால அட்டவணையில் நிலையான ஒரு மணி நேரமும் வழங்குவதே முதற்பணி. அந்த ஒரு மணி நேரத்தை அரசும் பள்ளியும் ஒதுக்காதவரை, தன் பொருளை விற்க வந்தவரே அதற்கும் பாடத்திட்டம் வகுப்பார்.