அம்மியைப் போற்றுவோரும் யந்திரத்தை விற்போரும்

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் அண்மையில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. நண்பர் ஒருவர் முப்பத்தாறு மாதத் தவணையில் வாங்கிய விலையுயர்ந்த சலவை யந்திரம், இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்த நான்காம் மாதத்தில் நின்றுவிட்டது. யந்திரம் நின்றதேயன்றித் தவணைக்காசு நிற்கவில்லை. இன்னும் எட்டு மாதங்கள் அதனைக் கட்டியே தீரவேண்டும். திருத்த வந்தவர், உள்ளேயிருக்கும் மின்னணுப் பலகை பழுதாகிவிட்டதென்றும், அதனை மாற்றும் செலவு யந்திரத்தின் விலையிற் பாதியை எட்டுமென்றும் கூறிச் சென்றார். "பாடசாலைக்கு ஆண்டில் மூன்று தவணை, ஆசிரியனுக்குப் பன்னிரண்டு தவணை" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் மூத்த ஆசிரியர் ஒருவர் தொடங்கினார்: "எங்கடை ஆச்சிமார் இதுகளை வைச்சுக்கொண்டே சீவிச்சவை? அம்மியிலை அரைச்சு, கல்லிலை தோய்ச்சு, தொண்ணூறு வயது மட்டும் நல்லாயிருந்தவை." அண்மையில் நியமனம் பெற்றுவந்த இளைஞர் மறுத்தார்: "அப்பிடியில்லை சேர். இன்னும் கொஞ்சம் காசு கூடப் போட்டு இதைவிட நல்லதா எடுத்திருக்கவேணும்." இவ்விரு கட்சிகளுக்குமிடையே விவாதம் மணியடிக்கும்வரை நீடித்தது. அறையின் மறுபுறத்தில் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியைகள் நால்வரும் ஒரு வார்த்தையேனும் பேசவில்லை. வீட்டில் உடுப்புத் தோய்ப்பவர்கள் அவர்கள்; பேசியவர்கள் நாங்கள்.

விலையுயர்ந்த வீட்டு யந்திரங்களை வாங்குதல் தகுமா என்ற வினாவை இந்த இடத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. அம்மியைப் போற்றுவோரும் யந்திரத்தை விற்போரும் ஒருவரையொருவர் எதிர்ப்பவர்போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். வேலை செய்யும் கைகளைப்பற்றி இருவரும் சிந்திப்பதில்லை.

முதலில் அம்மியைப் போற்றுவோரை எடுத்துக்கொள்வோம். தமிழ் படித்தவன் என்ற முறையில் இவர்களுடைய மயக்கம் எங்கிருந்து வருகின்றதென்பதை நான் அறிவேன். உலக்கைப் பாட்டாகிய வள்ளையைச் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் படித்து மகிழ்கிறோம். மாணவர்க்கும் அதன் இனிமையை எடுத்துரைக்கிறோம். ஆயின் பாட்டு ஏன் பிறந்தது? தனியே செய்யின் தாங்கமுடியாத வேலையைப் பலர் கூடித் தாளத்தோடு செய்து தாங்கிக்கொள்ளவே பிறந்தது. பாட்டை எடுத்துக்கொண்டு காய்ப்புப் பிடித்த கையை மறந்துவிடுவது இரசனையன்று. தொண்ணூறு வயதுவரை இருந்த ஆச்சிமாரை எண்ணுகின்றவர், இடுப்பொடிந்து ஐம்பதில் ஓய்ந்த ஆச்சிமாரை எண்ணுவதில்லை. மேலும், அம்மியின் பெருமையைப் பேசும் ஆண்களில் ஒருவரேனும் ஒரு கறிக்கு வேண்டிய கூட்டை அதில் அரைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இக்குற்றச்சாட்டிலிருந்து நானும் தப்பமுடியாது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கருத்தரங்கில் நுகர்வு மோகத்தைக் கண்டித்து உரையாற்றிப் பாராட்டுப் பெற்று வீடு திரும்பினேன். இரவு எட்டரை மணி. என் மனைவி கிணற்றடியில் மின்குமிழ் வெளிச்சத்தில் என் சட்டைகளைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஆசிரியை, அன்று எட்டுப் பாடங்கள் கற்பித்தவர். சலவை யந்திரம் ஆடம்பரம் என்று சற்றுமுன் மேடையில் முழங்கிய சட்டையும் அவற்றுள் ஒன்றாக நாளை சேரும் என்ற எண்ணம் எழுந்தபோது, கைதட்டல்களின் இன்பம் எனக்கு நிலைக்கவில்லை.

எனவே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடவேண்டும். உடலை வருத்தும் வேலையைக் குறைக்கும் கருவி ஆடம்பரமன்று. வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சலவை யந்திரமும், இன்சுலின் மருந்தைக் குளிரில் வைக்கவேண்டிய நீரிழிவு நோயாளியுள்ள வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டியும் தேவைகளே. எளிய வாழ்வு என்ற பெயரால் இவற்றை மறுப்பவர், பிறருடைய உழைப்பில் தாம் எளிமையாக வாழ்பவர்.

இனி விற்போரிடம் வருவோம். தவணைமுறை விற்பனை நேற்று முளைத்ததன்று. 1856ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிங்கர் தையல் யந்திர நிறுவனம் இம்முறையைக் கையாண்டது. அக்காலத்துச் சாதாரணக் குடும்பம் ஒரே தடவையில் கொடுக்கமுடியாத விலையைச் சிறு தொகைகளாகப் பிரித்ததன் மூலம் அது உலகெங்கும் பரவியது. தையல் யந்திரம் வாங்கிய பெண் அதைக் கொண்டு உழைத்துத் தவணை கட்டமுடிந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயின் குளிர்சாதனப் பெட்டி உழைத்துத் தருவதில்லை. அதன் தவணையைச் சம்பளமே கட்டவேண்டும். கருவி மாறிற்று, கடன் முறை மாறவில்லை. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் நமக்கு விளக்கமாட்டார்.

வாடகைக் கொள்வனவு என்ற பெயரே உண்மையைக் கூறுகின்றது. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் நமக்குச் சொந்தமன்று. நாம் அதனை வாடகைக்கு வைத்திருப்பவர்களே. இத்தகைய ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்த 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் நம் நாட்டில் உண்டு. படித்த ஆசிரியர்களாகிய நம்முள் எத்தனைபேர் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களை வாசிக்கிறோம்? மாணவனுக்கு வினாவை இருமுறை வாசி என்று உபதேசிப்பவர்கள், நமக்கு வந்த வினாவை ஒருமுறையேனும் வாசிப்பதில்லை.

2009இல் யுத்தம் முடிந்து ஏ9 வீதியால் பொருள்கள் தடையின்றி வரத்தொடங்கியபின், கடனும் அதே வீதியால் வந்தது. பல்லாண்டு இழந்தவர்களின் ஆசை இயல்பானது. அதனை இகழ நான் எழுதவில்லை. ஆயின் வடக்கிலும் கிழக்கிலும் கடன்சுமை எந்த அளவுக்கு முற்றியதென்பதற்கு ஒரு சான்று போதும்: 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களை நீக்க அரசே திட்டமொன்றை அறிவிக்கவேண்டி நேர்ந்தது. வீட்டில் இருந்த பொருளையும் காதில் இருந்த தோட்டையும் தவணைக்காக ஈடுவைத்தவர்களை அறியாத ஆசிரியர் நம்மிடையே எவருமிலர். அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

இதனோடு சீதனமும் சேர்ந்துகொண்டது. காணி, வீடு, நகை என்ற பட்டியலில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை யந்திரமும் இடம்பெறும் கலியாணங்களை நாம் கண்டிருக்கிறோம். பெண்ணின் சுமையைக் குறைக்க உண்டான கருவி, பெண்ணைப் பெற்றவரின் சுமையாக மாறுவதைவிடக் கொடிய முரண் வேறுண்டோ? இங்கு பொருளின் பயன் கணக்கில்லை. அதன் விலையே கணக்கு. விலை கூடியது எனின் மாப்பிள்ளையின் மதிப்பும் கூடியது. விருந்தினர் கண்ணிற் படுமாறு முன்மண்டபத்தில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தும் வழக்கத்தை வேறெவ்வாறு விளங்கிக்கொள்வது? தோர்ஸ்ரைன் வெப்லன் என்ற அறிஞர் 1899இல் வெளியிட்ட நூலில், பிறர் காணச் செலவிடுவதே மேன்மைக்கு அடையாளமாகும் சமூகத்தை ஆராய்ந்தார். அவர் அமெரிக்கச் செல்வரை நோக்கி எழுதினார். நமது நடுத்தர வர்க்கம் அதனைக் கடனெடுத்துச் செய்கின்றது.

"விலை கூடியது நீண்டகாலம் உழைக்குமே" என்பது இளைய நண்பரின் வாதம். இது முற்றிலும் பொய்யன்று. ஆகவே கணக்கிட்டுப் பார்ப்போம். உதாரணமாக, 90,000 ரூபா யந்திரம் ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 18,000 ரூபா செலவு. 210,000 ரூபா யந்திரம் பதினான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 15,000 ரூபா. விலை கூடியதே இலாபம். ஆனால் கைக்காசு இல்லாதவன் அதனைத் தவணையில் எடுக்கிறான். வட்டியும் கட்டணமும் சேர்ந்து 280,000 ரூபா ஆயிற்று என வைத்துக்கொள்வோம். இப்போது ஆண்டுச் செலவு 20,000 ரூபா. நல்ல பொருளின் இலாபம் காசுள்ளவனுக்கும், அதன் நட்டம் காசில்லாதவனுக்கும் போய்ச் சேர்கின்றது. அதுவும் பதினான்கு ஆண்டு உழைத்தால்தான்!

உழைக்குமா என்பதே பெரிய கேள்வி. 1920களில் உலகின் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் 'ஃபீபஸ்' என்ற கூட்டொன்றை அமைத்து, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலம் என வரையறுத்தனர். அதற்குமேல் எரியும் குமிழைச் செய்தவருக்குத் தண்டப்பணம் விதித்தனர். நெடுநாள் உழைக்கும் பொருள் வணிகனுக்கு ஒருமுறையே இலாபம் தருகின்றது என்பதே இதன் சூத்திரம். கூடுதல் விலை எதற்காக என்று கேளுங்கள். மோட்டாருக்காகவா, கதவிலுள்ள கண்ணாடிக்காகவா? மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொறிக்காகவா, கைத்தொலைபேசியோடு பேசும் வித்தைக்காகவா? முன்னதற்குக் காசு கொடுக்கலாம். பின்னதே முதலிற் பழுதாவது.

நம்முடைய மண்ணையும் மறந்துவிடலாகாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு, நீரைச் சூடாக்கும் சலவை யந்திரத்தின் கம்பியிலும் படியும். மென்னீர் ஓடும் நகரங்களை மனதிற்கொண்டு செய்த யந்திரம் இங்கே தன் முழு ஆயுளையும் வாழும் என எதிர்பார்ப்பதெப்படி? மின்சாரத்தின் கதையோ நாடறிந்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 360 ரூபாவுக்குப் பாய்ந்தபோது உதிரிப்பாகத்தின் விலையும் உடன் பாய்ந்தது. 1,000 உவாற் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு என்ற எளிய கணக்கைக் கடைப்படி ஏறுமுன் போடாதவர், பின்னர் ஒவ்வொரு மாதமும் போடுவர்.

இதிலும் வருந்தத்தக்க இழப்பு வேறொன்று. 1990 முதல் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்த குடாநாட்டில், மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மவர்கள். எதையும் கழற்றி, எதையும் பூட்டி, எதையும் ஓட்டிய கைகள் அவை. இன்று அந்தக் கைகளின் முன் ஒரு மூடிய பலகையை வைத்து, "இதைத் திருத்தமுடியாது, மாற்றத்தான் வேண்டும்" என்று கற்பிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் குளிர்சாதனப் பெட்டிக்கு ஏழு ஆண்டும் சலவை யந்திரத்துக்குப் பத்து ஆண்டும் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்தல் உற்பத்தியாளரின் கடமையாயிற்று. 2024இல் திருத்துதலை ஊக்குவிக்கும் தனிச் சட்டமும் வந்தது. அங்கே உரிமையாகியது இங்கேயும் உரிமையாகவேண்டும் என்று கேட்பது பேராசையன்று.

யந்திரம் வந்துவிட்டாற்போதும், பெண் விடுதலை பெற்றுவிடுவாள் என்ற மாயையையும் தகர்க்கவேண்டும். 1959 யூலையில் மொஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சியொன்றின் மாதிரிச் சமையலறையில் நின்றுகொண்டு நிக்சனும் குருஷேவும் சலவை யந்திரத்தை முன்னிறுத்தி வாதிட்டனர். உலகின் இரு பெரும் வல்லரசுகளின் தலைவர்கள் சமையலறையில் நின்றனர். இருவரும் சமைக்க நிற்கவில்லை. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை 1983இல் வெளியிட்ட ஆய்வு, யந்திரங்கள் வந்தபின்னும் இல்லத்தரசியின் வேலை நேரம் குறையாமற் போனதேன் என்பதை விளக்கியது. உடுப்பு அடிக்கடி தோய்க்கப்பட்டது. தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. முன்னர் ஆணும் பிள்ளையும் செய்த பங்கு மறைந்தது. பொத்தானை அழுத்துவதும் பெண்ணின் வேலையே என்றாயின், எந்த விலை யந்திரமும் அவளை மீட்காது.

அப்படியானால் செய்யவேண்டியதென்ன? நமது ஊரே ஒரு விடையை முன்னரே தந்துள்ளது. யாழ்ப்பாணத்துப் பெண்களின் தோளிலிருந்து உலக்கையை இறக்கிய பொறி எது? எந்த வீட்டின் முன்மண்டபத்திலும் நிற்காத பொறி: சந்தியிலுள்ள அரைக்கும் மில். அரிசியும் மிளகாயும் கொண்டு சென்று, சிறு கூலி கொடுத்து, மாவும் தூளுமாகத் திரும்பினோம். ஒருவரும் கடன்படவில்லை, ஒருவரும் பெருமை பேசவில்லை. ஒரு பொறி ஓர் ஊரின் சுமையை இறக்கிற்று. கிராமந்தோறும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்த மக்கள் நாம். ஒரு கூட்டுறவுச் சலவை நிலையம், ஒரு திருத்தகம், மொத்தமாக வாங்கி நியாய விலைக்குக் கொடுக்கும் ஓர் ஏற்பாடு ஆகியவை நம்மால் இயலாத காரியங்களா? ஆளுக்கொன்று வேண்டும் என்பது நமது தேவை கூறுவதன்று. விற்பவனின் தேவை கூறுவது.

அதுவரை வாங்குவோருக்குச் சில வினாக்கள். இது யாருடைய உடல் வேலையைக் குறைக்கின்றது? ஊரிலுள்ளவர் இதனைத் திருத்தவல்லாரா? நம் நீருக்கும் மின்சாரத்துக்கும் இது ஏற்றதா? கடனின்றி வாங்க இயலுமா? இவற்றுக்கு விடை காண விற்பவரிடம் செல்லாது, திருத்துபவரிடம் செல்லுங்கள். எந்த யந்திரம் தம்மிடம் அடிக்கடி வருகின்றதென்பதை அறிந்தவர் அவர் ஒருவரே.

நண்பரின் கதையை முடிக்கவேண்டும். திருத்துபவர் ஒருவரின் யோசனைப்படி, பலகையோ திரையோ இல்லாத, இரட்டைத் தொட்டியுடைய பழைய சலவை யந்திரமொன்றைச் சிறு விலைக்கு வாங்கியுள்ளார். விலையுயர்ந்ததற்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். ஓய்வறையில் அவர் இதைக் கூறியபோது, அன்று பேசாதிருந்த ஆசிரியைகளுள் ஒருவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டார்: "இனி அதிலை உடுப்புப் போடுறது ஆர், சேர்?"

நண்பர் உடனே விடை கூறவில்லை. என் வீட்டுக்கும் ஒரு சலவை யந்திரம் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அதனை ஓட்டுபவன் நான். இதில் பெருமைகொள்ள யாதொன்றுமில்லை. முன்னரே செய்திருக்கவேண்டியதைப் பிந்திச் செய்பவனுக்குப் பாராட்டு எதற்கு?