அரியவை தேடும் அன்பர்களுக்கு

வார இறுதியில் தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சதுப்பு நிலங்களுக்குப் புறப்படுவோர் இன்று நம்மிடையேயும் உளர். வரவேற்கத்தக்கதே. ஆனால் அவர்களுள் பலர் பறவைகளைக் காணச் செல்வதில்லை. அரிய பறவையைக் காணவே செல்கின்றனர். புதிய பெயரொன்று பட்டியலில் ஏறினால் பயணம் வெற்றி, இல்லையேல் தோல்வி. இம்மனப்போக்கு பிழையானது என்பதே என் வழக்கு.

அப்பிழையை நானும் செய்தவன்தான். ஒரு சனிக்கிழமை விடியலில், நண்பர் இருவருடன் ஆயர் தாவாரிலிருந்து வடக்கே பந்தாய் ரெமிஸ் கடந்து கோலா கூலாவுக்குச் சென்றேன். ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரந்த மாத்தாங் அலையாத்திக் காட்டின் வடபகுதி அது. நாங்கள் தேடியது பால்நாரை. படகேறிச் சேற்றுத் திட்டுகளையெல்லாம் நண்பகல்வரை துழாவினோம். அது கண்ணில் படவில்லை. "ஒன்றுமே இல்லை" என்று சலித்துத் திரும்பினோம்.

ஒன்றுமேயா இல்லை? வெண்கொக்குகள் கூட்டங்கூட்டமாக நின்றன. சாம்பல் நாரைகள் அசையாது மீனுக்குக் காத்திருந்தன. சைபீரியாவிலிருந்து பல்லாயிரம் கல் பறந்துவந்த உள்ளான்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. அத்தனையும் எங்களுக்கு ஒன்றுமில்லாதவை ஆயின!

அந்தப் பால்நாரையின் கதை என்ன? 1980களின் முற்பகுதியில் இதே காட்டில் நூற்றுக்கு மேற்பட்டவை எண்ணப்பட்டன. 2005அளவில் அவை பத்துக்கும் குறைந்தன. வளர்ப்பு நாரைகளைக் கோலா கூலாவில் விடும் முயற்சி 2007இல் தொடங்கியது. ஆகவே அங்கே அது அரியதாகவே இருந்த பறவை அன்று. நம் காலத்தில் அரியதாக்கப்பட்ட பறவை. இவ்வீழ்ச்சியை நாம் எவ்வாறு அறிந்தோம்? நூறு இருந்தபோதே எவரோ பொறுமையாக எண்ணி எழுதிவைத்தமையால் அறிந்தோம். அரியதை மட்டும் தேடுபவன் இதனை அறியமாட்டான். அவன் வந்து சேர்வது எல்லாம் முடிந்த பிறகே.

அரியதன்மேல் கொண்ட ஆவல்தானே இளைஞரை வெளியே இழுக்கிறது என்பார் உளர். இழுக்கட்டும். ஆனால் ஒன்றைத் தேடி வந்து அது கிடைக்காதவன் மறுமுறை வருவானா? பெயரறிந்த கொக்கைக் காண்பவனோ நாள்தோறும் வருவான். திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தைப் பாருங்கள். பால்நாரைக்கு நெருங்கிய உறவான மஞ்சள் மூக்கு நாரை அவ்வூர் மரங்களில் கூடு கட்டுகிறது. ஊரார் அதனை விருந்தாகப் போற்றிக் காக்கின்றனர். பொதுவானதைப் பொதுவானதாகவே வைத்திருப்பதன்றோ காவல்!

தமிழாசிரியர்களுக்கும் ஒரு சொல். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டை நம் மாணவர் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். ஆனால் கொக்கிலிருந்து நாரையைப் பிரித்தறிய அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? புலவர் காலின் நிறத்தையும் அலகின் வடிவையும் கண்டு பாடினார். நாமோ காணாமலே பொருள் எழுதுகிறோம்.

ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு நன்னீர் என்பது பொருள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னும் தோட்டத்து வாய்க்கால்கள் இருக்கின்றன. கானாங்கோழியும் மீன்கொத்தியும் உண்ணிக்கொக்கும் அங்கேயே இருக்கின்றன. வாரம் ஒருமுறை மாணவரை அழைத்துச் செல்லுங்கள். பெயரையும் எண்ணிக்கையையும் தேதியோடு குறிக்கச் செய்யுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகிறது. தன்னார்வலர் எழுதும் குறிப்புகளே அதன் முதல்.

இன்று எண்ணாத கொக்கு நாளை அரிய பறவை ஆகலாம். அன்று அதனைத் தேடிப் படகேறுவதில் பெருமை ஏதும் இல்லை.