குழாயடியில் சோப்பு இருக்கிறதா?

'சுத்தம் சோறு போடும்' என்று எழுதச் சொன்னால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட எழுதிவிடும். சாப்பாட்டு மணி அடித்ததும், எழுதிய அதே கையால் டிபன் பாக்ஸைத் திறந்துவிடும். "எத்தனை முறை சொன்னாலும் இதுகளுக்கு ஏறாது" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். தோழியரே, சொல்வதில் குறைவே இல்லை. குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1847-ஆம் ஆண்டில் வியன்னா பொது மருத்துவமனையின் ஒரு பிரிவில், பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்துகொண்டிருந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்கள் அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே தாய்மாரைத் தொடவேண்டும் என்று விதி செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. (அப்படியும் பல டாக்டர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை என்பது வேறு கதை.) படித்தவர்களுக்கே கரைசலும் கண்டிப்பும் வேண்டியிருந்தது என்றால், ஆறு வயதுக் குழந்தைக்கு வெறும் அறிவுரை போதுமா?

2021-இல் கொரோனாவுக்குப் பின் பள்ளிகள் திறந்தபோது வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் இருந்தன. சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று கழுவினார்கள். நோய்ப் பயம் நீங்கியதும் சோப்பு மறைந்தது. பழக்கமும் கூடவே போயிற்று. குடற்புழு மாத்திரை தருகிறார்களே என்று இருந்துவிட முடியாது. அது வயிற்றிலுள்ள புழுவைத்தான் போக்கும். நகத்தடியில் ஒட்டியிருக்கும் முட்டையைப் போக்காது.

இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுச் சொல்லவேண்டும். கழிவறைக்குப் போக அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காத மாணவிகள் நம்மிடையே இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்தாலும் வெளியே சொல்வதில்லை. அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. சின்னவர்கள் நம்மைப் பார்த்து இதையும் கற்றுக்கொள்கிறார்கள்.

சிஸ்டர்களையும் பெற்றோரையும் நாங்கள் பணிவுடன் கேட்பது பெரிய செலவன்று. குழாய்க்கு ஒரு சோப்பு, கழிவறையில் வாளியும் கப்பும், கதவுக்குச் சரியான தாழ்ப்பாள். சோப்பு காணாமற் போகும் என்பார்கள். வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிடலாம். மாலையில் அவிழ்த்து எடுத்து வைத்து, காலையில் மறுபடி கட்டும் வேலையைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் முறைபோட்டுச் செய்கிறோம்.